சத்தம் வராத எழுத்து

ஏழு நிமிட ஒலிப்பதிவு.
அதை எழுத்தாக்க எனக்கு ஒரு மணி நேரம்.
கான்பெராவில், குன்றைக் குடைந்து கட்டிய மன்றத்தில்
ஜன்னலில்லாத ஓர் அறை.
காலடியில் ஒரு மிதி.
அழுத்தினால் அமைச்சர் பேசுவார்,
எடுத்தால் வாய் மூடுவார்,
குதிகாலால் தட்டினால் ஐந்து விநாடி பின்னால் போய்
சொன்னதையே சொல்வார்.
இந்த நாட்டில்
அவரை நிறுத்த முடிந்த கால்
என்னுடையது மட்டும்தான்.

இன்று பணியிட உறவுகள் சீர்திருத்த மசோதா,
இரண்டாம் வாசிப்பு.
'நெகிழ்வு' என்றார்,
ஏழு நிமிடத்தில் பதினொரு தடவை.
நெஞ்சுக்கென்று வைத்திருந்த சொல் அது.
அடுத்தவர் கண்ணீர் பட்டால் நெகிழும் என்பார்கள்.
எப்போது இடம் மாறி
முதுகெலும்புக்குப் போனது, தெரியவில்லை.

என் தொகுதியில் ஒரு பேக்கரிக்காரர், என்றார்.
ஆள் எடுக்கவே அஞ்சுகிறாராம்,
எடுத்தால் அனுப்ப முடியாதாம்.
போன வாரம் வேறு மூன்று உறுப்பினர்கள்
வேறு மூன்று ஊர்களில்
அதே பேக்கரிக்காரரைச் சந்தித்திருந்தார்கள்.
பாவம் மனிதர்,
எந்த ஊரில்தான் மாவு பிசைகிறாரோ.

எங்களுக்கு விதிகள் உண்டு.
இலக்கணம் திருத்தலாம், பொருளைத் தொடக்கூடாது.
'கூச்சல்' என்று எழுதலாம்.
சிரிப்பை எழுத அனுமதியில்லை.
ஒருவர் தொண்டை அடைத்து நின்றால்
அதற்குக் குறியீடே கிடையாது,
அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட வேண்டும்.
பக்கத்து இருக்கை இலோனா
காபிக் குவளையைத் தினமும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள்.
எங்களைப் போன்றவர்களுக்கு அலமாரி தருவதில்லை.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு கடிதம் வாசித்தார்.
ஷெப்பர்ட்டனில் பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலை,
பீச் சீசன், நள்ளிரவுக் குறுஞ்செய்தி,
வேலை உண்டா இல்லையா என்று.
நாற்பது விநாடி வாசித்திருப்பார். மணி அடித்துவிட்டது.
அவசரத்தில் எழுதியவரின் பெயரை விழுங்கிவிட்டார்.
வெரோனா நேக்ஸா, நாக்கா, நாக்ஸா?
ஐந்து விநாடி, ஐந்து விநாடி, ஐந்து விநாடி.
கூச்சல்.

பெயர் பிழையாகப் பதிவேறக் கூடாது.
கடிதத்தின் அடியில் எண் இருந்தது. அழைத்தேன்.
இரவு எட்டே முக்கால்.
முதல் மணியிலேயே எடுத்தார்.

"வரேன். இருபது நிமிஷம் போதும்.
பூட்ஸோடதான் உட்கார்ந்திருக்கேன்."

நான் தொழிற்சாலையிலிருந்து இல்லை என்றேன்.
நாடாளுமன்றம் என்றேன்.
எழுத்துக்கூட்டல் சரிபார்க்க என்றேன்.
அந்த முனையில் ஏதோ நாற்காலி நகர்ந்தது.
"அப்போ இன்னிக்கு ஷிப்ட் இல்லையா?"

பிறகு பொறுமையாகச் சொன்னார்:
"நாக்ஸ். முன்னாடி ஒரு கே இருக்கு.
சத்தம் வராது. ஆனா இருக்கு.
எல்லாரும் விட்டுடுவாங்க."

கேட்கக்கூடாது, கேட்டேன்:
எத்தனை வருஷம் அங்கே?
"ஒன்பது. தற்காலிகமா."
சிரித்தார்.
(எழுத அனுமதியில்லை.)

"நீங்க அங்க நிரந்தரமா?"

வியாழக்கிழமை மன்றம் ஒத்திவைக்கப்படும்.
ஆறு வாரம்.
அதோடு நானும்.
கூட்டத்தொடருக்கு முந்தின வெள்ளியன்று அழைப்பு வந்தால் வரலாம்,
வராவிட்டால் ஏன் என்று கேட்க
எந்த மேசையும் இல்லை.
இதையெல்லாம் சொல்லவில்லை.
அடுத்த ஏழு நிமிடம் வந்துவிட்டது, வைக்கிறேன் என்றேன்.
"சரி, சரி," என்றார்,
"லைனை ஃப்ரீயா விடணும் நானும்."

அந்த எழுத்தை அடித்தேன்.
ஓசையில்லாத அதுதான்
அவர் குடும்பப் பெயரின் முதலெழுத்து.
விட்டிருந்தால்
நாளைக் காலை அச்சில்
வேறு யாரோ வேலை கேட்டிருப்பார்.

பிறகு மிதியை அழுத்தினேன்.
அமைச்சர் பதிலுரைக்கு எழுந்தார்,
தண்ணீர் குடித்தார்,
பன்னிரண்டாவது தடவை
நெகிழ்ந்தார்.